பஞ்ச வரலாறு எழுதிய பத்திரிகாசிரியர்

நாளிதழை நாட்டின் கண் என்பர் சிலர். காது என்பர் சிலர். நா என்பர் வேறு சிலர். ஆளுங்கட்சி தன் பெயராலேயே நடத்தும் நாளிதழ் இம்மூன்றனுள் எது? அது ஆள்வோர் சொல்வதை மக்களுக்கு எடுத்துச் செல்லும் நாவா? மக்கள் படும் பாட்டை ஆள்வோருக்கு எடுத்துச் சொல்லும் காதா? இரண்டுமாக இருத்தல் இயலுமா? விடை தேடுவோர் நூல் பல புரட்டலாம். ஒரு மனிதரின் வாழ்வைப் படித்தாலும் போதும். அவர் சீன நாட்டுப் பொதுவுடைமைக் கட்சியின் நாளிதழான மக்கள் நாளிதழைப் பல ஆண்டுகள் நடத்திய டெங் துவோ.

அரசியல் மாணவர் எழுத வேண்டிய பொருளை அறிவியல் மாணவன் ஏன் எடுத்துக்கொண்டான் என்று நண்பர்கள் கேட்கலாம். ஆய்வுக்கூடத்தில் எங்களுக்கு முதற் பாடமாகச் சொல்லப்படுவது ஒன்று உண்டு: அளக்கும் கருவியின் முள் அளக்கப்படும் பொருளுக்கே கட்டுப்பட வேண்டும், அளப்பவனின் ஆசைக்குக் கட்டுப்படலாகாது. டெங் துவோவின் கதை, அந்த முள் ஆசைக்குக் கட்டுப்பட்டால் ஒரு நாடு என்ன விலை கொடுக்கும் என்பதைக் காட்டும் கதை.

இளமை

டெங் துவோ 1912-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், சீனத்தின் தென்கிழக்குக் கடற்கரையை அடுத்த ஃபூசூ நகரில் பிறந்தார். அதே திங்களில்தான் மஞ்சு அரச மரபின் கடைசிக் குழந்தை மன்னர் முடி துறந்தார். தந்தையார் பழைய அரசுத் தேர்வுகளில் தேறியவர், ஆசிரியர். ஆகவே பழந்தமிழ்ப் புலவர் வீட்டுப் பிள்ளை நிகண்டும் இலக்கணமும் கேட்டு வளர்வது போல, டெங் துவோ பழஞ்சீனச் செய்யுளும் தூரிகை எழுத்தும் பயின்று வளர்ந்தார். எழுத்தழகில் அவருக்கு இருந்த பற்று இறுதிவரை மாறவில்லை.

வீட்டில் பழமை, வெளியில் புரட்சி. உள்நாட்டுப் போர்களும் வெல்லரசுகளின் ஆதிக்கமும் பசியும் நாட்டைப் பிடித்து ஆட்டிய காலம் அது. கல்வி கற்க ஷாங்காய் சென்ற இளைஞர், 1930-இல், தம் பதினெட்டாம் வயதில், பொதுவுடைமைக் கட்சியில் சேர்ந்தார். அப்போது அக்கட்சியில் சேர்வது பதவிக்கு வழியன்று. சிறைக்கும் தூக்குமேடைக்குமே வழி. 1932-இல் அவர் சிறைப்பட்டார். மறு ஆண்டில் குடும்பத்தாரின் முயற்சியால் விடுதலையானார். 1934-இல் ஹெனான் மாநிலத்துக் கைஃபெங் நகருக்குச் சென்று அங்குள்ள பல்கலைக் கழகத்தில் மீண்டும் மாணவரானார்.

கைஃபெங் மஞ்சளாற்றின் அருகே உள்ள ஊர். வெள்ளமும் வறட்சியும் வெட்டுக்கிளியும் மாறி மாறி வந்து போகும் நிலம். அங்கிருந்துகொண்டு அந்த மாணவர் ஒரு பெருநூல் எழுதினார். சீனத்தின் பஞ்ச நிவாரண வரலாறு என்பது அதன் பொருள். 1937-இல் அது வெளிவந்தபோது அவருக்கு வயது 25. நம்முள் பலர் ஆய்வேட்டின் முதல் இயலோடு போராடும் வயது!

கி.மு. 1766 முதல் கி.பி. 1937 வரை 3,703 ஆண்டுகளில் சீனத்தில் நேர்ந்த பேரிடர்கள் என அந்நூல் பழைய ஏடுகளிலிருந்து கணக்கிட்டது 5,258. வெள்ளம், வறட்சி, வெட்டுக்கிளி, ஆலங்கட்டி, கொள்ளைநோய், நிலநடுக்கம் எல்லாம் இதில் அடங்கும். ஆண்டுக்கு ஒன்றுக்கு மேல்! ஆனால் எண்ணிக்கை மட்டும் அந்நூலின் சிறப்பன்று. பேரிடர் வேறு, பஞ்சம் வேறு என்ற தெளிவே அதன் சிறப்பு. வானம் பொய்ப்பது இயற்கை. வானம் பொய்த்த பிறகு மனிதர் சாவதா பிழைப்பதா என்பதை முடிவு செய்வது பெரும்பாலும் ஆட்சியும் சமுதாய அமைப்புமே. களஞ்சியம் எங்கே, வரி எவ்வளவு, செய்தி தலைநகருக்கு எப்போது எட்டியது என்பவற்றைக் கேட்காமல் பஞ்சத்தை விளங்கிக்கொள்ள முடியாது. இந்த உண்மையை இருபத்தைந்து வயதில் கண்டவர், பின்னாளில் எந்த நாற்காலியில் அமர்ந்தார், அந்த நாற்காலி அவரை என்ன செய்தது என்பதே இனி நாம் காணப்போவது.

கோவேறு கழுதைகளின் மேல் ஓர் அச்சகம்

அதே 1937-இல் ஜப்பானியப் படை வட சீனத்தில் புகுந்தது. டெங் துவோ வூடாய் மலைப் பகுதிக்குச் சென்றார். அங்கே பகைவர் அணிகளுக்குப் பின்னால் பொதுவுடைமைப் படையினர் ஒரு தளம் அமைத்திருந்தனர். அத்தளத்தின் செய்தித்தாளுக்கு 1938-இல் அவர் ஆசிரியர் ஆனார். அப்போது அவருக்கு வயது 26. முதலில் வேறு பெயரில் வந்த அவ்விதழ், 1940 முதல் ஜின்-சா-ஜி நாளிதழ் என்று வழங்கியது.

மலையில் நாளிதழ் நடத்துவது எளிதன்று. பகைவர் வரும்போதெல்லாம் அச்சகமே ஓட வேண்டும். அதனால் பெரிய இயந்திரத்தை விட்டுவிட்டுச் சிறியதாக ஒன்றைத் தாமே செய்துகொண்டனர், எழுத்துகளைக் குறைத்தனர், அனைத்தையும் கழற்றி எட்டுக் கோவேறு கழுதைகளின் மேல் ஏற்றிக்கொண்டு மலை மலையாய்ச் சென்றனர். பொதி இறக்கிய இடம் அச்சகம்; பொதி ஏற்றினால் அது மீண்டும் படை. எட்டுக் கழுதைப் பத்திரிகை என்று அதை இன்றும் சீனத்துப் பத்திரிகையாளர் பெருமையோடு சொல்வர்.

இதழ் தங்கியிருந்த ஊர்களுள் ஒன்று மாலான். இதழாளர் ஒளிந்திருக்கும் இடத்தைச் சொல்ல மறுத்தமைக்காக அவ்வட்டாரத்து மக்கள் ஜப்பானியர் கையில் உயிர் இழந்தனர். அதை டெங் துவோ மறக்கவில்லை. பிற்காலத்தில் அவர் பூண்ட புனைபெயரான மா நான்சுன் என்பது மாலான் சிற்றூர் என்பதன் ஒலியை ஒட்டியது. தன் உயிரைக் கொடுத்து ஒரு செய்தித்தாளைக் காத்த மக்கள்! அந்தக் கடன் எந்த ஆசிரியருக்கும் பெரிய கடன்தான்.

1942-இல் அவர் டிங் யீலான் அம்மையாரை மணந்தார். 1949 அக்டோபர் முதல் நாள் தியனான்மென் வாயிலில் மக்கள் குடியரசு அறிவிக்கப்பட்டபோது, அந்நிகழ்ச்சியை வானொலியில் நாட்டுக்கு வழங்கிய இரு குரல்களுள் ஒன்று அந்த அம்மையாருடையது. 1944-இல் மாவோவின் தேர்ந்தெடுத்த நூல்களை முதன்முதலாகத் தொகுத்து வெளியிட்டவரும் டெங் துவோவே. இதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். முடிவில் இது தேவைப்படும்.

ஆசிரியர் நாற்காலி

1948 ஜூனில் ஜின்-சா-ஜி நாளிதழும் மற்றொரு தளத்தின் இதழும் ஒன்றாகி மக்கள் நாளிதழ் ஆயின. 1949-இல் கட்சி ஆட்சிக் கட்டில் ஏறியது. மக்கள் நாளிதழ் கட்சி மையக் குழுவின் அதிகார ஏடாயிற்று. அவ்வாண்டு இலையுதிர் காலத்தில் டெங் துவோ அதன் தலைமை ஆசிரியரானார். வயது 37.

எதிர்த்துப் போராடும் கட்சியின் இதழும் ஆளும் கட்சியின் இதழும் பெயரளவில் ஒரே குலம். ஆனால் தொழில் வேறு. மலையில் இருந்தபோது வாசகர் நம்பினால்தான் இதழ் பிழைக்கும். போரில் பொய்ச் செய்தி வந்தால் மறுநாளே உயிர் போகும். ஆகவே உண்மை அங்கே தற்காப்பு. ஆட்சிக்கு வந்தபின் வாசகர் நம்பினாலும் நம்பாவிட்டாலும் இதழ் பிழைக்கும். தலையங்கம் என்பது கருத்தாக இல்லாமல் கட்டளையாகிவிடும். மாநில இதழ்கள் அதை மறுபதிப்புச் செய்யும். தொழிற்சாலையிலும் பள்ளியிலும் அதை வாய்விட்டுப் படிப்பர். கீழ்நிலை அலுவலர் அதில் வரும் ஒரு சொல்லின் ஏற்ற இறக்கத்தைக் கண்டு தம் நடையை மாற்றிக்கொள்வர். ஒரு தாளுக்கு இவ்வளவு ஆற்றல் வந்துவிட்டால் அதில் பிழை வருவதும் பேராபத்து. உண்மை வருவதும் பேராபத்து!

டெங் துவோ கடுமையாக உழைத்தார். நடை எளிமையாக வேண்டும், செய்தி பிழையின்றி வேண்டும் என்று இடையறாது பாடுபட்டார். ஆனால் அந்த ஏட்டின் கறுப்புப் பக்கத்தையும் மறைத்தல் கூடாது. 1955 மே மாதத்தில் ஹூ ஃபெங் என்ற எழுத்தாளரின் தனிக் கடிதங்கள் மக்கள் நாளிதழில் குற்றச் சான்றுகளாக வெளியிடப்பட்டன. கட்சியின் இலக்கியக் கொள்கையில் மாறுபட்டதே அவர் செய்த குற்றம். அவரும் அவர் நண்பரும் சிறை சென்றனர். ஏவியவர் மாவோ, ஆனால் அச்சிட்ட ஏட்டின் ஆசிரியர் டெங் துவோ. ஒரு மனிதனை நாட்டின் முன் நிறுத்தி, அவன் மறுமொழி சொல்ல ஒரு வரிகூட இடம் தராமல் அழிக்கும் ஆற்றல் அந்தத் தாளுக்கு உண்டு என்பதை அவர் அன்றே கண்டிருப்பார். அந்த வாள் ஒருநாள் தம் பக்கமும் திரும்பும் என்று எண்ணியிருப்பாரா?

1956 ஜூலை முதல் நாள் இதழில் ஒரு பெரும் சீர்திருத்தம் நடந்தது. பக்கங்கள் எட்டாகப் பெருகின. வாசகருக்கு விடுத்த தலையங்கம், இவ்விதழ் கட்சியுடையது மட்டுமன்று, மக்களுடையதும் ஆகும் என்ற கருத்தை முன்வைத்தது. செய்தி பெருக வேண்டும், வெவ்வேறு கருத்துகளுக்கு இடம் வேண்டும், எழுத்து உயிரோடு இருக்க வேண்டும் என்பன அதன் குறிக்கோள். காது கேட்கத் தொடங்கிய காலம் அது எனலாம். ஆனால் அக்காலம் நீளவில்லை.

இரு தலைவர், ஒரு தலையங்கம்

அதற்குச் சில நாள் முன்னர், 1956 ஜூன் 20-இல், ஒரு தலையங்கம் வெளிவந்தது. பொருளாதார வளர்ச்சியில் மந்தமும் கூடாது, அளவுமீறிய அவசரமும் கூடாது என்பது அதன் சாரம். கட்சியின் மேல்நிலைத் தலைவர்கள் பார்த்துத் திருத்தி ஒப்பிய கட்டுரைதான். ஆனால் மாவோவிடம் அது சென்றபோது, படிக்க மாட்டேன் என்னும் பொருளில் அவர் குறிப்பெழுதித் திருப்பினார். தலைவர்கள் இருவேறு கருத்தினராயிருந்தால் கட்சி ஏட்டின் ஆசிரியர் யாருடைய நா? இக்கேள்விக்கு எந்த விதிமுறையும் விடை சொல்லவில்லை.

1957 பிப்ரவரி 27-இல் மாவோ ஒரு நெடும்பேச்சு நிகழ்த்தினார். மக்களுக்குள் எழும் முரண்பாடுகளை ஒடுக்குமுறையால் தீர்க்கலாகாது, கட்சியைக் குறைகூற மக்களை அழைக்க வேண்டும் என்பது அதன் போக்கு. மற்ற இதழ்கள் ஆரவாரித்தன. மக்கள் நாளிதழ் மட்டும் வாய் திறக்கவில்லை. தலைவரின் பேச்சை இசைவு பெறாமல் வெளியிடக்கூடாது என்பது கட்சியின் ஒழுங்கு, இசைவோ வரவில்லை. மேலும் காற்று எந்தப் பக்கம் திரும்பும் என்ற ஐயமும் டெங் துவோவுக்கு இருந்தது.

ஏப்ரல் 10-இல் மாவோ அவரையும் துணையாசிரியர்களையும் தம் படுக்கையறைக்கு அழைத்தார். நூல்கள் பரப்பிய கட்டிலில் இருந்தபடியே கடிந்தார். ஏட்டுச் சுரைக்காயான படிப்பாளி நடத்தும் பத்திரிகை, செத்தவன் நடத்தும் பத்திரிகை என்னும் பொருள்படப் பேசினார். இடத்தைப் பிடித்துக்கொண்டு வேலை செய்யாதவர் என்று இழித்தார். வேறொருவரை அமர்த்தலாம் என்று டெங் துவோ வேண்டினார் என உடனிருந்தோர் பின்னாளில் எழுதினர்.

பின்னர் நடந்தது என்ன? மே மாதத்தில் அறிஞரும் மாணவரும் அழைப்பை நம்பிக் குறைகளைப் பேசினர். ஜூனில் காற்று திரும்பியது. அந்தப் பேச்சே, பல திருத்தங்களோடு, ஜூன் 19-இல்தான் அச்சில் வந்தது. குறை சொன்னவர் வலதுசாரி எனப் பெயர் சூட்டப்பட்டனர். அவர் தொகை ஐந்தரை இலட்சத்துக்கு மேல். தயங்கிய ஆசிரியரின் ஐயமே மெய்யாயிற்று. ஆயினும் அதே ஜூனில் தலைமை ஆசிரியர் பொறுப்பு வூ லெங்ஷீ என்பவரிடம் சென்றது. டெங் துவோவுக்கு நிறுவனத் தலைவர் என்ற பட்டம் மட்டும் எஞ்சியது. 1958-இல் அவர் பெய்ஜிங் நகரக் கட்சிக் குழுவுக்கு மாற்றப்பட்டார். 1959 பிப்ரவரியில், இருபதாண்டு இதழ்ப் பணியை எண்ணி ஒரு கவிதை எழுதி, உடன் உழைத்தோரிடம் விடைபெற்றார்.

தாளில் விளைந்த நெல்

இனி வருவது அவர் ஆசிரியராக இல்லாத காலத்துச் செய்தி. ஆனால் அதைச் சொல்லாமல் இக்கட்டுரையின் கேள்விக்கு விடையில்லை.

1958 பெரும் பாய்ச்சலின் ஆண்டு. மக்கள் நாளிதழில் விளைச்சல் செய்திகள் நாளுக்கு நாள் உயர்ந்தன. சீன நில அளவில் ஒரு மூ என்பது ஏக்கரில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு. ஒரு ஜின் என்பது அரைக் கிலோ. ஜூனில் ஒரு மூவில் கோதுமை 2,105 ஜின் என்றது இதழ். ஆகஸ்டில் நெல் 36,956 ஜின். செப்டம்பர் 18-இல் குவாங்ஷீ மாநிலத்து ஹுவான்ஜியாங்கில் 130,434 ஜின்!

நண்பர்களே, ஒரு நிமிடம் கணக்குப் போடுவோம். 130,434 ஜின் என்பது 65,217 கிலோ. ஒரு மூ 667 சதுர மீட்டர். ஆக, ஒரு சதுர மீட்டரில் 98 கிலோ நெல். அந்த நெல்லை அறுத்த வயலிலேயே பரப்பினால் ஒரு சாணுக்குச் சற்றே குறைந்த உயரத்துக்கு வயல் முழுதும் நெல்லாய் நிற்கும். வைக்கோல் இதில் சேராது! தஞ்சையில் வயல் பார்த்த எந்தச் சிறுவனும் சிரிப்பான். உண்மையில் நடந்தது என்ன? பல வயல்களில் முற்றி நின்ற பயிரைப் பிடுங்கி ஒரே வயலில் நெருக்கி நட்டுக் காட்டினர். உழவருக்கு அது தெரியும், அலுவலருக்கும் தெரியும். தாளுக்கு மட்டும் தெரியவில்லை.

அறிவியலும் இதற்குத் துணை போயிற்று என்பதை நாம் வெட்கத்தோடு ஒப்ப வேண்டும். 1958 ஜூன் 16-இல் இளைஞர் கழக நாளிதழில், ராக்கெட் துறை வல்லுநர் சியன் ஷூசென் பெயரில் ஒரு குறிப்பு வந்தது. வயலில் விழும் கதிரொளியின் ஆற்றலைக் கணக்கிட்டால் ஒரு மூவில் 2,000 ஜின்னைப்போல் இருபது மடங்கு விளைய இடமுண்டு என்றது அது. கதிரொளியின் அளவு சரியாகவே இருக்கலாம். இலையும் வேரும் நீரும் உரமும் எங்கே? கூட்டல் கழித்தல் பிழையில்லாத கணக்கும் பொய்யாக முடியும் என்பதற்கு இது ஒரு சான்று.

இவை வெறும் வேடிக்கைச் செய்திகளாயின் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் கட்சி ஏட்டில் வந்த எண் அரசின் எண்ணாகும். 1958-இன் தானிய விளைச்சல் 37.5 கோடி டன் என்று முதலில் அறிவித்தனர். உண்மையோ ஏறத்தாழ 20 கோடி டன். அறிவித்த எண்ணுக்கு ஏற்பக் கொள்முதல் நடந்தது. இல்லாத நெல்லைக் கொடு என்றால் உழவன் எதைக் கொடுப்பான்? விதை நெல்லைக் கொடுத்தான். உண்ணும் நெல்லைக் கொடுத்தான். ஊர் பட்டினி கிடக்க, 1959-இல் 40 இலட்சம் டன்னுக்கு மேல் தானியம் ஏற்றுமதியாயிற்று. 1960-இல் விளைச்சல் 14.4 கோடி டன் அளவுக்கு வீழ்ந்தது. 1959 முதல் 1961 வரை பசியால் மாண்டோர் ஒன்றரைக் கோடி முதல் நான்கரைக் கோடி வரை என ஆய்வாளர் பலவாறு கணக்கிடுவர். மிகக் குறைந்த எண்ணே நெஞ்சை உறைய வைப்பது. இத்தனை சாவும் நிகழ்ந்தபோது நாட்டின் முதன்மையான ஏட்டில் பஞ்சம் என்ற செய்தியே இல்லை.

நம் நாட்டில் 1943-இல் வங்கப் பஞ்சத்தின்போது, அயல் ஆட்சியின் தணிக்கைக்கு இடையிலும், ஸ்டேட்ஸ்மன் இதழின் ஆசிரியர் இயன் ஸ்டீபன்ஸ் கல்கத்தாத் தெருவில் கிடந்தோரின் படங்களை ஆகஸ்டில் வெளியிட்டார். அதன் பிறகே உலகம் விழித்தது. விடுதலை பெற்ற இந்தியாவில் வறுமை தீரவில்லை. ஆனால் வங்கத்தைப் போன்ற பெரும் பஞ்சம் மீண்டும் வரவில்லை. இதற்குக் காரணம் தேர்தலும் தடையற்ற செய்தித்தாளும் ஆகும் என்றும், சீனத்தில் அவை இல்லாமையே அங்குச் சாவு பெருகக் காரணம் என்றும் அமர்த்தியா சென் விளக்கியிருக்கிறார். அன்றாடப் பசியையும் சத்துணவின்மையையும் நீக்குவதில் நாமும் பெருமை கொள்ள இடமில்லை என்பதையும் அவரே சொல்லியிருக்கிறார்.

இதில் ஒரு கொடிய முரண் உண்டு. டெங் துவோ இளமையில் எழுதிய பஞ்ச வரலாறு, தாளில் நெல் விளைந்த அதே 1958-இல் பெய்ஜிங்கில் மறுபதிப்பாயிற்று.

மாலை நேரப் பேச்சு

1961 மார்ச்சில் பெய்ஜிங் மாலை இதழில் மா நான்சுன் என்ற பெயரில் ஒரு சிறு பகுதி வரத் தொடங்கியது. அன்றாட உழைப்புக்குப் பிறகு படிக்கத்தக்க சிறு கட்டுரைகள். பழைய கதை, நூலறிவு, ஓவியம், பயிர், உடல்நலம் எனப் பல பொருள். முதற்கட்டுரை வாழ்நாளில் மூன்றில் ஒரு பங்காகிய மாலைப்பொழுதை வீணாக்காதிருக்கச் சொன்னது. 1962 செப்டம்பர் வரை 150 கட்டுரைகள் வந்தன. யான்ஷான் மாலைப் பேச்சு என்ற அத்தொகுதியை மக்கள் விரும்பிப் படித்தனர். வரலாற்றறிஞர் வூ ஹான், எழுத்தாளர் லியாவ் மோஷா ஆகிய இருவரோடு சேர்ந்து மூன்று வீட்டுச் சிற்றூர் என்னும் தலைப்பிலும் ஓர் இதழில் எழுதிவந்தார்.

ஒரு கட்டுரையில் முட்டை ஒன்றைக் கண்டெடுத்தவன், அது குஞ்சாகி, கோழியாகி, மாடாகிச் செல்வம் பெருகும் என்று கணக்குப் போடுகிறான்; முடிவில் முட்டை உடைகிறது. மாவுப் பானையை உதைத்து உடைத்த நம் பஞ்சதந்திரத்து அந்தணனின் உடன்பிறப்பே அவன். இன்னொன்றில், மக்களின் உழைப்பை அளவறிந்து வாங்கிய பழங்கால ஆட்சிமுறையை எடுத்துச் சொல்கிறார். இன்னொன்றில், வெற்றுச் சொற்களை அடுக்கி எழுதும் பழக்கத்தை எள்ளுகிறார். மற்றொன்றில் மறதி நோய்க்கு மருந்து கூறுகிறார்.

இவை மாவோவைக் குறித்த மறைமுகத் தாக்குதலா? அல்லது கட்சியின் மேல் அன்புள்ள ஒருவர் கட்சிக்குச் சொன்ன நல்லுரையா? ஆய்வாளர் இன்றும் ஒருமுகமாகச் சொல்வதில்லை. எனக்குப் படுவது இது: பெரிய தாளில் நேராகச் சொல்ல முடியாத உண்மை சிறிய தாளில் கதையாக வந்தது. அவ்வளவே. குற்றங் கண்டால் இடித்துச் சொல்லும் துணையை அரசன் தேடிக்கொள்ள வேண்டும் என்று நம் வள்ளுவர் அறிவுறுத்தினார் அல்லவா? அத்தகைய துணை கதை வடிவில் வந்து வாயிலில் நின்றது. வாயில் திறக்கவில்லை.

அக்காலத்தில் அவர் பழைய ஓவியங்களையும் தேடிச் சேர்த்தார். சூ ஷீ என்ற பழம்பெருங் கவிஞர் வரைந்ததாகக் கூறப்படும் மூங்கில் ஓவியம் ஒன்றை வாங்கப் பணம் போதாமையால், தம்மிடமிருந்த வேறு ஓவியங்களை விற்றார். 1964-இல் 144 ஓவியங்களை நாட்டுக்கே கொடையாக அளித்துவிட்டார்.

வாள் திரும்பியது

1966-இல் பண்பாட்டுப் புரட்சி தொடங்கியது. முதல் இரைகளுள் மூன்று வீட்டுச் சிற்றூரும் ஒன்று. மே 10-இல் யாவ் வென்யுவான் ஷாங்காய் இதழ்களில் எழுதிய நெடுங்கட்டுரை மறுநாளே நாடெங்கும் மறுபதிப்பாயிற்று. மே 16-இல் மக்கள் நாளிதழிலேயே ஒரு கட்டுரை அவரைத் துரோகி என்றது. தாம் கழுதை மேல் ஏற்றிக் காத்த இதழின் வழித்தோன்றல். தாம் பல ஆண்டு விழித்திருந்து பிழை திருத்திய தாள்! மாவோவின் நூல்களை முதலில் தொகுத்தவர் மாவோவின் பகைவர் என்று அதில் அச்சாயிற்று. மறுமொழி சொல்ல ஒரு வரி இடமில்லை. ஹூ ஃபெங்குக்கு இல்லாதது போலவே.

மே 17-ஆம் நாள் இரவு அவர் இரு கடிதங்கள் எழுதினார். ஒன்று நகரக் கட்சிக் குழுவுக்கு. தம் கட்டுரைகளைப் பற்றிய விளக்கமும், கட்சியிடம் தம் பற்று மாறாதது என்ற உறுதியும் அதில் இருந்தன. மற்றொன்று மனைவிக்கு. விடியுமுன் தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டார். வயது 54. அவருக்குப் பின் எத்தனையோ பேர் அவ்வழி சென்றனர். வூ ஹான் 1969-இல் சிறையில் மாண்டார். லியாவ் மோஷா மட்டும் உயிர் பிழைத்து 1990 வரை வாழ்ந்தார். 1979-இல் கட்சி டெங் துவோவின் மேல் சாட்டிய குற்றங்கள் பொய் என்று அறிவித்தது. அவர் கட்டுரைகள் மீண்டும் அச்சேறின. 

நாம் அறிய வேண்டியது

டெங் துவோ வீரரா, பலியா, துணைக் குற்றவாளியா? மூன்றும் சிறிது சிறிது உண்மை. அவர் கெட்டவராயிருந்தால் இக்கதை எளிதாகிவிடும். ஆசிரியரை மாற்றினால் ஏடு திருந்தும் என்று நாம் சொல்லிவிடலாம். ஆனால் அவர் நேர்மையாளர், கற்றவர், துணிந்தவர், பஞ்சத்தின் காரணம் அறிந்தவர். அப்படிப்பட்டவர் அமர்ந்தும் அந்த நாற்காலி தன் இயல்பை விடவில்லை. அவர் தயங்கினார், நாற்காலி வேறு ஆளைக் கண்டது. ஆகவே குறை அமைப்பில் இருக்கிறது.

ஆளுங்கட்சி இதழ் நடத்துவது தவறன்று. தன் கொள்கையைச் சொல்ல அதற்கும் நா வேண்டும். அருகே வேறு நாக்களும் இருக்கும்வரை அதனால் கேடில்லை. பொய் சொன்னால் அடுத்த தெருவில் விற்கும் இதழ் மறுநாளே காட்டிக்கொடுக்கும். மற்ற நாக்களை அறுத்துவிட்டுத் தன் நாவையே நாட்டின் காதாகவும் கொள்ளும்போதுதான் பஞ்சம் உள்ளே நுழைகிறது. அப்போது ஆள்வோர் கேட்பது மக்கள் குரலை அன்று. தம் குரலின் எதிரொலியை. பொய்யால் முதலில் ஏமாறுபவன் குடிமகன் அல்லன். அவன் வயிற்றுக்கு உண்மை தெரியும். ஏமாறுபவர் ஏட்டை நடத்துவோரே.

இது சீனத்துக்கு மட்டும் உரிய பாடம் என்று நாம் ஒதுங்கிவிட வேண்டா. எந்நாட்டிலும், எக்கட்சியிலும், ஏன், எச்சங்கத்திலும், தலைமைக்கு இனிப்பதை மட்டும் அச்சிடும் தாள் மெல்ல மெல்லத் தன் தலைமையையே குருடாக்கும். தாய்நிலம் விட்டு நெடுந்தொலைவில் படிக்கும் நாம் ஊர்ச் செய்தி அறிவது பெரும்பாலும் இதழ்களால்தான். அவற்றுள் எது எந்தக் கட்சியின் சார்புடையது என்பது நமக்குத் தெரியும். எண் ஒன்றைக் காணும்போது, அது நம் மனத்துக்கு இனிய எண்ணாயின் இன்னும் ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்ப்போம். 98 கிலோ நெல் ஒரு சதுர மீட்டரில் விளையாது என்று சொல்ல ஒருவரேனும் அச்சமின்றி எழுந்து நிற்கும் நாட்டில் உழவன் பட்டினியால் சாக மாட்டான்.